சிப்பியில் குழைத்த வண்ணம் – கடிதம்

அன்புள்ள அக்கா,

மினசோட்டாவில் இருக்கிறேன். கோடை முடியும் தறுவாயில் இங்கே ரெனசான்ஸ் திருவிழா நடக்கும். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை எழுப்பி அரசி, குதிரைவீரர், கொல்லர் என்று ஆளாளுக்கு வேடம் கட்டுவார்கள். எங்கள் காலம் முதலாம் எலிசபெத் ஆண்ட 1560கள். நான் இத்தாலிய ஓவியர் சோஃபோனிஸ்பா ஆங்குவிசோலாவாக வர நினைத்தேன். தாங்கியில் கேன்வாஸ், கையில் வண்ணத்தட்டு, ஆண்களின் உலகில் தூரிகை பிடித்த பெண்ணைப் பற்றி ஒரு நீண்ட வசனம். அதை வாசித்துக் காட்டினேன், பத்து வயது மகள் தூங்கிவிட்டாள். எங்கே தவறு? நிஜ மனுஷியாக வருவதா, கற்பனைப் பெண்ணாகவா? என் நிறத்துக்கு இந்த வேடம் எடுபடுமா?

எம்.

அன்புள்ள எம்.,

மகள் நல்ல விமர்சகர். நானும் ஒரு நாடகத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன். பாத்திரம் வந்து நின்று தன்னைப் பற்றித் தானே கட்டுரை வாசித்தது. அந்தக் காலத்துப் பெண் ஓவியர் காலையில் எழுந்ததும் நினைத்திருக்கக் கூடியது தரவேண்டிய படத்தையும் வரவேண்டிய காசையும்தான்.

சோஃபோனிஸ்பா பெரிய கலைஞர், சந்தேகமில்லை. ஆனால் 1559-இல் அவர் போனது ஸ்பெயின் அரசவைக்கு, அங்கே அரசிக்குத் தோழியாக. உங்கள் ஆங்கிலக் கிராமத்துச் சந்தையில் அவருக்கு என்ன வேலை? அதை விளக்கவே பாதி நாள் போய்விடும்.

லண்டனிலேயே ஆள் இருக்கிறார். லெவினா டீர்லிங்க். புரூஜ் நகரத்தில் சுவடிகளுக்குச் சித்திரம் தீட்டிய சைமன் பெனிங்கின் மகள். எட்டாம் ஹென்றி காலத்தில் வந்து, அடுத்தடுத்து எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று நான்கு ஆட்சிகளில் அரசவை ஓவியராக வேலை பார்த்து 1576-இல் இறந்தார். ஆண்டுக்கு 40 பவுண்டு சம்பளம். ஹென்றியின் புகழ்பெற்ற அரசவை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனுக்குக் கிடைத்ததைவிட அதிகம்! ஆனால் இது இவர் கையால் ஆனது என்று உறுதியாகச் சொல்ல இன்று ஒரு படம்கூட இல்லை. புத்தாண்டு அன்று அரசிக்கு என்ன படம் கொடுத்தார் என்ற பரிசுக் கணக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1559-இல் அட்டையில் தீட்டிய எலிசபெத்தின் உருவம் ஒன்று.

என்னைக் கேட்டால், லெவினாவாகவே வரவேண்டாம், அவரைப் போன்ற கற்பனைப் பெண்ணாக வாருங்கள். அப்பாவின் பட்டறையில் தொழில் பழகியவள். அச்சுப் புத்தகம் பெருகிப் பெருகிச் சுவடி வேலை குறைந்துபோக, கடல் கடந்து வந்து சிற்றோவியம் தீட்டிப் பிழைப்பவள். யாராவது பெயர் கேட்டால் அப்பா பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். நம் இனிஷியல் மாதிரிதான், அந்தப் பெயர்தான் அவளுடைய தொழில் முத்திரை.

தாங்கியை வீட்டில் வைத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் அது இல்லாமலில்லை. ஆன்ட்வெர்ப் ஓவியர் காத்தரினா ஃபான் ஹெமெசன் 1548-இல், 20 வயதில், தாங்கி முன் அமர்ந்த தன்னைத் தானே வரைந்திருக்கிறார். ஆனால் சிற்றோவியக்காரிக்குச் சன்னலோர மேசை போதும். மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டுக்கட்டு அட்டையில் ஒட்டி, அதன்மேல் உள்ளங்கையில் அடங்கும் முகம். பின்பக்கம் திருப்பினால் ஸ்பேடோ ஹார்ட்டினோ தெரியும். குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள், போதும். வண்ணத்தட்டுக்குப் பதில் மட்டிச் சிப்பிகள். வேலம்பிசின் நீரில் குழைத்த வண்ணம். இறகுத் தண்டில் செருகிய அணில் முடித் தூரிகை. வெள்ளிப் பூச்சுக்கு மெருகேற்ற, சிறு விலங்கின் பல்லைக் கைப்பிடியில் பொருத்தியிருப்பார்கள். (வண்ணத்தை மட்டும் இன்றைய குவாஷில், அதாவது கடையில் கிடைக்கும் அடர்ந்த நீர்வண்ணத்தில், வைத்துக்கொள்ளுங்கள். ஈய வெள்ளையும் சாதிலிங்கமும் நஞ்சு.)

அடுத்த தலைமுறைச் சிற்றோவியர் நிக்கலஸ் ஹில்லியார்ட் தொழில்குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். பஞ்சு உதிராத பட்டு உடுத்து, தலைப்பொடுகு விழாமல் பார், எச்சில் தெறிக்கும், படத்தின் மேல் பேசாதே. உங்கள் நடிப்பு முழுக்க இதில் இருக்கிறது. யாராவது கேள்வி கேட்டால் நிமிராமல் கையை மட்டும் உயர்த்துங்கள். கோடு முடியட்டும், பிறகு தலையைத் திருப்பிப் பதில் சொல்லுங்கள். பொருள் சிறியது, ஜனம் தானாகக் குனிந்து பார்க்கும்.

'அப்போதே பெண்கள் வரைந்தார்களா?' என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். ஜெர்மன் ஓவியர் ட்யூரரும் வியந்தவர்தான். 1521-இல் ஆன்ட்வெர்ப்பில் 18 வயது சுசன்னா ஹோரன்பவுட்டிடம் ஒரு கிறிஸ்து படம் வாங்கி, ஒரு பெண் இவ்வளவு செய்வது பெரிய அதிசயம் என்று நாட்குறிப்பில் எழுதினார். கொடுத்த விலை ஒரு ஃப்ளோரின். அந்தக் கதையைச் சொல்லி, 'அதிசயத்துக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்திருக்கலாம், இல்லையா ஐயா?' என்று முடியுங்கள். உங்கள் நீண்ட வசனம் செய்ய நினைத்த வேலையை இது செய்துவிடும்.

நிறம் பற்றி: எட்டாம் ஹென்றியின் அவையில் ஜான் பிளாங்க் என்ற கறுப்பின எக்காளக்காரர் இருந்தார், 1511-இல் நடந்த குதிரைவீரர் போட்டியைத் தீட்டிய நீண்ட சுருளில் அவர் படமே இருக்கிறது. அதற்கு மேல் கேட்பவரிடம், கோடு இன்னும் முடியவில்லை என்று கையை உயர்த்திவிடுங்கள்.

சிப்பிகளை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், வெயிலில் நாறும்.

அன்புடன்,
அக்கா