டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை: கார்ட் ஓட்டுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கார்ட் எனும் சின்ன பந்தய வண்டியை ஓட்டுபவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன், ஜோஹானஸ்பர்க் பக்கத்திலிருந்து அனுப்பிய கேள்விகள் இவை. வேறு இன்ஜின் என்று சொல்லாத இடங்களில் எல்லாம் 125 சிசி ரோட்டாக்ஸ் மேக்ஸ் என்ற இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினையும், அதற்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் டெல்லோர்ட்டோ கார்புரேட்டரையும் வைத்தே பேசுகிறேன்.

சாட்ஸ்வர்த்திலிருந்து: அண்ணா, மூன்று மாதம் சும்மா கிடந்த வண்டிக்குப் புதுப் பெட்ரோல் ஊற்றினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. பேட்டரியும் இறங்கிவிட்டது.

தம்பி, டேங்கில் பெட்ரோல் இருப்பது வேறு, கார்புரேட்டரில் இருப்பது வேறு. பைக்கில் டேங்க் மேலே இருக்கும், பெட்ரோல் தானாக இறங்கும். கார்ட்டில் அது உன் கால்களுக்கு நடுவே தரையோடு கிடக்கிறது. இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் உண்டாகும் அழுத்த மாற்றம் பெட்ரோல் பம்பின் சவ்வைத் துடிக்க வைப்பதால்தான் பெட்ரோல் மேலே ஏறுகிறது. இன்ஜின் ஓடினால்தான் பம்ப் நன்றாக இழுக்கும், பெட்ரோல் வந்தால்தான் இன்ஜின் ஓடும். அதனால் முதல் தடவை நாமே ஏற்றிவிட வேண்டும்.

டேங்க் மூடியை இறுக்கு. ஓவர்ஃப்ளோ பாட்டிலுக்குப் போகும் மூச்சுக் குழாயைக் கழற்றி, அதில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பை மாட்டி மெதுவாகக் காற்றை உள்ளே தள்ளு. வாயால் ஊதுபவர்கள் நிறையப் பேர். பெட்ரோல் ஆவி நெஞ்சுக்குள் போகும், நான் அதை யாருக்கும் சொல்லித் தருவதில்லை. டேங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய் இருந்தால் அதை மடித்துப் பிடித்துக்கொள். இப்போது உள்ளே தெரியும் பெட்ரோல் குழாயையே பார். பெட்ரோல் ஃபில்டரை நிரப்பும், பம்பைத் தாண்டும். முதலில் குமிழி குமிழியாக ஓடும், அப்புறம் குமிழி அற்று இழை போல நிற்கும். கார்புரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் மிதவை மேலே வந்து ஊசியால் வழியை அடைத்துவிடும். குழாயில் அசைவு நிற்கும் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடு. அப்புறம் சோக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்.

அப்படியும் பிடிக்கவில்லையா? ஐடில் ஜெட் அடைத்திருக்கும்; இன்ஜின் மெதுவாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு துண்டு அது. காய்ந்த பெட்ரோல் அந்த ஊசித் துளையில் வார்னிஷ் போல ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்தில் தூக்கிப் பார். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குடையாதே, துளை பெரிதானால் ஜெட் குப்பைக்குத்தான்.

பீனிக்ஸிலிருந்து ஓர் அக்கா: மகனின் வண்டி நாலைந்து சுற்று நன்றாக ஓடுகிறது, அப்புறம் இருமி நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி கிளம்புகிறது. கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றியாயிற்று.

அக்கா, அடுத்த தடவை நின்றதும் டேங்க் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது இருக்கைக்கடியில் மடங்கி நசுங்கியிருக்கிறது. பெட்ரோல் வெளியேற வெளியேறக் காற்று உள்ளே வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகும், பம்ப் தோற்றுவிடும். கார்புரேட்டர் மேல் குற்றமில்லை.

லெனேசியாவிலிருந்து: ஸ்வார்ட்காப்ஸ் பந்தயத் தடத்தில் வண்டி பறக்கிறது. அடுத்த பந்தயம் கேப் டவுனின் கில்லார்னி தடத்தில். அதே செட்டிங் போதுமா?

போதாது, அண்ணா. இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்வார்ட்காப்ஸும் அந்த மேட்டுநிலத்தில்தான் இருக்கிறது. மெல்லிய காற்றுக்கு, முழு வேகத்தில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டில் சிறியதைப் போட்டிருப்பீர்கள். அதையே கடலோரத்துக் கனத்த காற்றில் ஓட்டினால் பெட்ரோல் பற்றாது, சூடு ஏறும், நீண்ட நேர்பாதையின் கடைசியில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். டெல்லோர்ட்டோ ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டம்: 165 என்றால் 1.65 மில்லிமீட்டர். கடலோரத்தில் பெரிய எண்ணில் ஆரம்பித்து, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து ஒவ்வொரு படியாகக் குறைத்து வாருங்கள். பெட்ரோல் கூடினால் வேகம்தான் குறையும். குறைந்தால் இன்ஜினே போய்விடும்.

டோங்காட்டிலிருந்து: பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலப்பது?

ரோட்டாக்ஸ் மேக்ஸுக்கு 1:50, அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி. மற்ற இன்ஜின்களுக்கு அவற்றின் கையேட்டில் உள்ளபடி. ஹோண்டா ஜிஎக்ஸ் போன்ற நாலு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலில் ஆயிலே சேர்க்கக் கூடாது.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து: குழாயில் ஓயாமல் சிறு குமிழிகள் வருகின்றன. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பெட்ரோல் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். பம்புக்கு முன்னால் உள்ள குழாய் காற்றை இழுத்தால் ஒன்றுமே தெரியாது. ஒரு வருடம் என் மகனுக்கு இப்படித்தான் ஒரு பிஸ்டன் போனது. இரண்டு நாள் ஜெட் மாற்றினேன், பிளக் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் ஃபில்டர் முனையில் குழாய் விறைத்து, கிளிப்புக்கு அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கையால் வளைத்தால்தான் வாய் திறந்தது. அன்றிலிருந்து குழாய் மஞ்சளாகி விறைக்கத் தொடங்கினாலே வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுகிறேன்.

குழாய் நன்றாக இருந்தால் பம்பைப் பாருங்கள். சவ்வு சுருங்கியிருந்தாலோ உள்ளே இருக்கும் இரண்டு தட்டு வால்வுகளின் ஓரம் மடிந்திருந்தாலோ ரிப்பேர் கிட் போடுங்கள். கிராங்க் கேஸிலிருந்து வரும் பல்ஸ் குழாய் தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். பம்பில் அது மாட்டும் முனை கீழ்நோக்கி இருக்கட்டும், அப்போதுதான் ஆயில் உள்ளே தேங்காது.

சாட்ஸ்வர்த்திலிருந்து மறுபடியும்: அண்ணா, வண்டி கிளம்பிவிட்டது! இனி நிறுத்தி வைக்கும்போது என்ன செய்ய?

நல்லது தம்பி. டேங்கைக் காலி செய். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள நட்டைக் கழற்றி, மிச்சத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடி. அடியில் நீர்முத்து உருண்டால் உன் பெட்ரோல் கேனில் தண்ணீர் இருக்கிறது, கேனையும் கழுவு. நட்டைப் போடும்போது வாஷரை மறந்துவிடாதே.