புரோக்கரிடம் போன பெர்மிட்

கேள்வி: மட்டக்களப்புப் படுவான்கரையில், அப்பாவுக்கு 1980களில் கிடைத்த பெர்மிட் காணியில், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில்தான் எங்கள் வீடு இருக்கிறது. அம்மா முதலில் தவறிவிட்டா. 2023இல் அப்பாவும் போய்விட்டார். வீடு எனக்குச் சீதனம் என்று வாயால் சொன்னதோடு சரி. காணிக் கந்தோருக்கு அலைய முடியாமல் ஒரு புரோக்கரிடம் 75,000 ரூபாவும் ஒரிஜினல் பெர்மிட்டும் கொடுத்து, இரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்தும் வைத்தேன். எட்டு மாதமாகிறது. கேட்டால் “பைல் திருகோணமலைக்குப் போயிருக்கு, மறுகா பாப்பம்” என்கிறார். அண்ணன் கட்டாரில். செய்தது பிழை என்று இப்போது தெரிகிறது. காசு போனாலும் காணியைக் காப்பாற்றலாமா?

பதில்: காப்பாற்றலாம், சகோதரி. பெர்மிட் தாள் இன்னொருவர் கையில் இருப்பதால் காணி அவருடையதாகிவிடாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணியை யாரும் விற்க முடியாது. நொத்தாரிசு முன் உறுதி முடித்தாலும் அந்த உறுதி செல்லாது. உங்கள் உரிமையின் வேர் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில், அதாவது கந்தோரில் லெட்ஜர் என்று சொல்லும் பதிவில் இருக்கிறது.

எங்களுக்குப் பயம் தருவது அந்த இரண்டு வெற்றுத் தாள்கள்தான். “எனக்கு இந்தக் காணி வேண்டாம், இன்னாருக்குக் கொடுக்கச் சம்மதம்” என்று மேலே இரண்டு வரி எழுதினால் போதும், அது உங்கள் சம்மதக் கடிதமாகிவிடும். ஆகவே காசைப் பற்றி யோசிக்க முதல் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெர்மிட் இலக்கம், அப்பாவின் முழுப்பெயர், கிராம அலுவலர் பிரிவு ஆகியவற்றைப் போட்டு, இந்தக் காணி தொடர்பாக உங்கள் சார்பில் செயற்பட எவருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்றும், நீங்கள் நேரில் வந்து கையளிக்காத, உங்கள் கையெழுத்துள்ள எந்தக் கடிதத்தையும் ஏற்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். முத்திரை அடிக்கத் தயங்கினால் அன்றைக்கே பதிவுத் தபாலில் போட்டு, துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலாகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம் ஏதும் எழுதிக் கொடுத்திருந்தால் கடிதம் மட்டும் போதாது. நொத்தாரிசு மூலம் அதை இரத்துச் செய்ய வேண்டும்.

பிறகு ஒரிஜினலைத் திருப்பித் தரும்படி புரோக்கரிடம் எழுத்தில் கேளுங்கள், ஏழு நாள் தவணை போதும். தராவிட்டால் பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள். பத்திரம் கைக்கு வராமலே போனாலும் அந்தப் பிரதியையும் ஒரு சத்தியக்கடதாசியையும் வைத்துக் கந்தோர்ப் பதிவிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம்.

இனித்தான் முக்கியமான கேள்வி: எட்டு மாதத்தில் உண்மையில் ஏதாவது விண்ணப்பம் போயிருக்கிறதா? “பைல் திருகோணமலையில்” என்பது சரிபார்க்கக் கடினமான பதில் என்பதால்தான் சொல்லப்படுகிறது. மாகாணக் காணி ஆணையாளர் திணைக்களம் அங்கே இருப்பது உண்மை. ஆனால் பிரதேச செயலகத்திலிருந்து ஒரு கோவை (பைல்) மேலே போனால், போன கடிதத்தின் இலக்கமும் திகதியும் இங்கே பதிவாகியிருக்கும். அதைக் கேட்டு வாங்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கு இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள் (பின்னுரித்தாளர் என்றால் அப்பாவுக்குப் பிறகு காணியைப் பெற நியமிக்கப்பட்டவர்):

“மேற்படி இலக்கப் பெர்மிட்டுக்குரிய காணிப் பேரேட்டுப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதி, அதில் பின்னுரித்தாளர் பதியப்பட்டிருந்தால் அவரது பெயரும் பதிந்த திகதியும், 2023 ஜனவரி முதல் இன்றுவரை இக்காணி தொடர்பாகக் கிடைத்த விண்ணப்பங்கள், கடிதங்கள், அவற்றின் மீது அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றின் பிரதிகள்.”

ஏன் தாமதம் என்று அதில் கேட்காதீர்கள். அந்தச் சட்டம் பதிவில் உள்ளதைத் தரத்தான், விளக்கம் தர அல்ல. காரணம் கேட்கும் கடிதங்கள்தான் வெறும் மழுப்பலோடு திரும்பி வருகின்றன. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு. அதிலும் பலனில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அம்பாறை மாவட்ட வாசகர்களுக்கு ஒன்று: பதில் சிங்களத்தில் வந்தால் தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பு தந்த உரிமை அது.

“உங்கட பைலே இல்லை” என்ற பயமுறுத்தலுக்கும் மயங்க வேண்டாம். 1978 சூறாவளி, யுத்த கால இடப்பெயர்வுகள், கரையோரத்தில் 2004 சுனாமி என்று இந்தப் பக்கத்தில் கோவைகள் அழிந்தது உண்மைதான். கோவை போனாலும் பேரேட்டுப் பதிவு, நில அளவைப் படத்தில் உள்ள துண்டு இலக்கம், வருடாந்தப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

பேரேட்டுப் பிரதி வந்ததும் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள்: பின்னுரித்தாளராக யார் பெயர் பதியப்பட்டிருக்கிறது? அப்பா உயிரோடு இருக்கும்போதே பதிந்திருந்தால் மட்டுமே நியமனம் செல்லும். உங்கள் பெயர் இருந்தால் வேலை சுலபம். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அப்பா தவறிய நாளிலிருந்து அங்கேயே குடியிருப்பதற்கு ஆதாரம் சேருங்கள்: மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, கிராம அலுவலர் கடிதம்.

எந்தப் பெயரும் இல்லை என்றால், நம் வழக்கமும் சட்டமும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மட்டக்களப்பில் வீடு வளவு பெண் பிள்ளைக்கு என்பது தலைமுறை வழக்கம். பெர்மிட் காணிச் சட்டத்துக்கு அந்த வழக்கம் தெரியாது. நியமனம் இல்லாவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி ஒருவருக்கே போகும். 2022 திருத்தத்துக்கு முன் அங்கே மகன்மாருக்கு முன்னுரிமை. அந்தத் திருத்தம் ஆண் பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டது. மூத்த பிள்ளைக்கு முதலிடம் என்பது மட்டும் நிற்கிறது. ஆகவே 2023 என்ற மரண ஆண்டு உங்களுக்கு முக்கியம், விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். அதே நேரம், அண்ணன் மூத்தவர் என்பதால் அவருடைய சம்மதம் இல்லாமல் எந்தப் புரோக்கராலும் இதை முடித்திருக்க முடியாது. 75,000 ரூபா வாங்கும்போதே அவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். காணியைத் துண்டாக்கி எல்லோருக்கும் தனித்தனி எடுத்துத் தருவதாகச் சொல்பவரையும் நம்பாதீர்கள். எந்த அளவுக்குக் கீழே பிரிக்கக் கூடாது என்பது பத்திரத்திலேயே இருக்கும்.

விண்ணப்பத்தோடு அப்பா, அம்மா இருவரதும் மரண அத்தாட்சி, அவர்களின் விவாக அத்தாட்சி, பிள்ளைகள் எல்லோரதும் பிறப்பு அத்தாட்சி, கிராம அலுவலர் உறுதிப்படுத்திய குடும்ப விபரம், அடையாள அட்டைப் பிரதிகள் ஆகியவற்றைக் கொடுங்கள். பெரும்பாலான கோவைகள் படுத்துக்கிடப்பது பெயர்ப் பிரச்சினையால். பெர்மிட்டில் கந்தப்போடி, அடையாள அட்டையில் கந்தையா, உங்கள் பிறப்பு அத்தாட்சியில் இன்னொரு எழுத்து. சமாதான நீதவான் முன் “இருவரும் ஒரே ஆள்” என்று ஒரு சத்தியக்கடதாசியும் கிராம அலுவலர் கடிதமும் முதல் நாளே வைத்துவிட்டால், திருப்பி அனுப்பும் ஒரு சுற்று மிச்சம்.

காசு விஷயத்தில் கவனம். வேலை செய்துதர என்று வாங்கி ஏமாற்றினால் மோசடி முறைப்பாடு செய்யலாம். சிறு தொகை என்பதால் வழக்குக்கு முதல் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும். ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கு “உள்ளே கொடுக்க” என்று தெரிந்தே கொடுத்திருந்தால், இலஞ்சம் கொடுப்பதும் குற்றம். அப்படியானால் முறைப்பாடு எழுத முதல் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை நிலையத்தில் பேசுங்கள். அதிகாரி எவராவது நேரடியாகக் கேட்டிருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கம் இருக்கிறது.

அண்ணனிடம் இன்றைக்கே பேசுங்கள். தனக்கு வேண்டாம், தங்கைக்குக் கொடுக்கச் சம்மதம் என்று கட்டாரில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் சத்தியக்கடதாசி முடித்து, ஒரிஜினலை உங்கள் பெயருக்கே அனுப்பச் சொல்லுங்கள். லீவில் வர இருக்கிறார் என்றால் இன்னும் நல்லது. விசாரணைக்கு நேரில் நின்று சொல்வதற்கு ஈடில்லை. வரும் திகதியைக் காணிக் கிளைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, விசாரணையை அந்த நாட்களுக்குள் வைக்கும்படி கேளுங்கள்.