நிறைமாதத்தில் கர்ப்பப்பைக் கட்டி: கேள்வி பதில்

30 வாரம் ஆகிறது மேடம். ஸ்கேனில் 6 செ.மீ. ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைக் கட்டி, என்று வந்திருக்கிறது. குழந்தையை நசுக்கிவிடுமா?

சுற்றிலும் பனிக்குட நீர் இருக்கிறது. நசுங்குவதெல்லாம் மிக மிக அரிது. எல்லோரும் ரிப்போர்ட்டில் சென்டிமீட்டரை மட்டும் பார்த்துப் பயந்துவிடுகிறீர்கள். நான் முதலில் பார்ப்பது கட்டி இருக்கும் இடத்தைத்தான். கர்ப்பப்பையின் மேல்பக்கம் 8 செ.மீ. கட்டி பேசாமல் கிடக்கலாம். வாய்ப்பக்கம் 5 செ.மீ. கட்டி தலை இறங்கும் வழியை மறிக்கலாம். நஞ்சுக்கொடிக்கு (பிளாசன்டா) நேர் பின்னால் இருந்தால் அது முன்கூட்டியே பிரியும் ஆபத்து கொஞ்சம் கூடுதல். உங்கள் டாக்டரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். வயிற்றை டேப் வைத்து அளப்பதை நம்பாதீர்கள், கட்டியும் சேர்ந்து அளவாகிவிடும். குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில்தான் பார்க்க வேண்டும்.

மனைவிக்கு 28 வாரம். வலது பக்கம் ஒரே இடத்தில் கடுமையான வலி, தொட்டாலே துடிக்கிறாள், லேசான காய்ச்சலும் இருக்கிறது. வீட்டில் டைக்ளோஃபெனாக் இருக்கிறது, கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் எல்லாம் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். மாதம் ஏற ஏற, குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாய் நேரத்துக்கு முன்பே சுருங்கும் அபாயமும் சேர்ந்துகொள்ளும். பாரசிட்டமால் கொடுத்துவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ரத்த ஓட்டம் போதாமல் கட்டியின் உட்பகுதி அழியும்போது வரும் வலி மாதிரி இருக்கிறது. அதுவாக இருந்தால் ஓய்வு, டிரிப்ஸ், பாரசிட்டமால் என்று பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை வீட்டிலிருந்து முடிவு செய்ய முடியாது. வலப்பக்க வலி குடல்வாலாகவும் இருக்கலாம். விட்டு விட்டு வலிப்பது, ரத்தப்போக்கு, வயிறு கல்லாக இறுகுவது, அசைவு குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

கட்டி இருந்தால் சிசேரியன்தான் என்கிறார் மாமியார்.

கட்டாயமில்லை. சிசேரியன் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். மாதம் ஏறும்போது கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரிந்து கட்டி மேலே நகர்ந்துவிடுவதும் உண்டு. அதனால் 20 வார ஸ்கேனை வைத்து முடிவு செய்யாமல் 36 வாரத்தில் மறுபடி பாருங்கள். தலை கீழே இறங்கியிருந்து வழியில் தடையில்லை என்றால் சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கலாம். குழந்தை குறுக்கே கிடந்தால் பேச்சு வேறு.

சிசேரியன் செய்யும்போதே கட்டியையும் எடுத்துவிடச் சொல்லலாமா?

நிறைய பேர் கேட்கிறார்கள், நியாயமான ஆசைதான். ஆனால் நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மி.லி. ரத்தம் பாய்கிறது. அந்த நேரத்தில் கட்டியைத் தோண்டினால் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது சிரமம். காம்போடு தொங்கும் கட்டி, அல்லது குழந்தையை எடுக்க வெட்டும் இடத்திலேயே உள்ள கட்டி என்றால் எடுப்பார்கள். அனுபவமுள்ள சிலர் மற்றதையும் எடுக்கிறார்கள்; நான் பொதுவாகத் தொடுவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு பல கட்டிகள் தானாகவே சுருங்கும்.

இரண்டு வருடம் முன்பு கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தேன். பிரசவ வலி வரும்வரை காத்திருக்கலாமா?

எவ்வளவு ஆழமாக வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. ஆழமான தழும்பு வலியின்போது பிரியக்கூடும். அப்படியென்றால் வலி வருமுன்பே சிசேரியன். அந்த ஆபரேஷன் குறிப்பைத் தேடி எடுத்து இப்போதே டாக்டரிடம் காட்டுங்கள்.

உணவில் கட்டி கரையுமா?

கரையாது. இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், காபி டீயோடு வேண்டாம். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு கூடலாம் என்பதால் ஹீமோகுளோபின் முக்கியம். ரத்த வங்கி வசதியுள்ள ஆஸ்பத்திரியாகவும் பாருங்கள்.