கடற்கரைச் சைக்கிள் மலை ஏறுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செங்கலடி, மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்குச் சைக்கிளில் போக எண்ணம். என்னிடம் இருப்பது கியர் இல்லாத சைக்கிள். ஏறலாமா?
- கல்லடி வாசகர்

பதில்: பிபிலை வரை போகலாம். அதற்கப்பால் லுணுகலை ஏற்றத்தில் பெரும்பாலும் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். முன்னால் 48 பல், பின்னால் 20 பல், 28 அங்குலச் சில்லு என்றால் பெடல் ஒருமுறை சுற்ற சைக்கிள் ஏறக்குறைய 5.3 மீற்றர் ஓடும். 7 சதவீத ஏற்றத்தில் சுமையோடு மணிக்கு 8 கி.மீ. போனாலே பெரிது. அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 25 சுற்றுத்தான் சுற்றும். மிதிக்கு மிதி முழு உடம்பையும் போட வேண்டும். முதலில் கெடுவது முழங்கால். முன்னால் 28, பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்தில் 70 சுற்றுக்கு மேல் வரும். அதுதான் மலைக்கு ஏற்ற கியர்.

இருக்கிற கியர் சைக்கிளில் பிறீவீலை (பின் சில்லின் பல்சக்கரத் தொகுதியை) மட்டும் 34 பல்லுக்கு மாற்றிவிட்டுப் பழைய செயினோடு போகிறவர்கள் உண்டு. முன்னும் பின்னும் பெரிய பல்லில் விழுந்ததும் செயின் விறைத்து, செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் கியரையே பிடுங்கிவிடும். செயினைப் பின் கியருக்குள் விடாமல் இரண்டு பெரிய பல்சக்கரங்களையும் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். பின் கியரும் நீளக் கை உள்ளதாக இருக்க வேண்டும். குட்டைக் கை மிச்சச் செயினை இழுத்துப் பிடிக்காது.

கேள்வி: எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது பின் டியூப் வெடித்தது. டயர் புதியது, ஆணியும் இல்லை. பிறேக்கை விடாமல் பிடித்து மெதுவாகத்தான் வந்தேன்.
- அக்கரைப்பற்று வாசகர்

பதில்: விடாமல் பிடித்ததுதான் காரணம். எல்ல ரயில் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 1041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய ஏறக்குறைய 200 மீற்றரில். மெதுவாக வந்தால் அந்த இறக்கத்தின் சக்தியில் பெரும்பகுதி பிறேக் கட்டையிலும் றிம்மிலும் சூடாக மாறுகிறது. தொடர்ந்து உரசினால் றிம் ஆற நேரமில்லை. உள்ளே காற்றழுத்தம் ஏறும், சொலூசன் போட்ட பழைய ஒட்டு இளகும். நேர்ப் பாதையில் பிறேக்கை விடுங்கள். காற்றே வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விடுங்கள். முன் பிறேக்குக்குப் பயப்பட வேண்டாம், நிறுத்தும் பலத்தில் பெரும் பங்கு அதனுடையது. ஈர மண்ணிலும் வளைவின் நடுவிலும் மட்டும் அதை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது.

பளபளக்கும் இரும்பு றிம் மழையில் வழுக்கும், கட்டை பிடிக்காது. மலைக்கு அலுமினிய றிம்தான். கட்டையின் வெட்டுக்கோடு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அதில் புதைந்த மணலையும் உலோகத் துணுக்கையும் ஊசியால் கிண்டி எடுங்கள். இறக்கத்துக்கு ஒட்டுப் போடாத டியூபைப் போடுங்கள், பழையதைப் பையில் வையுங்கள்.

கேள்வி: மலைக்குச் சைக்கிளில் போக எந்த மாதம் நல்லது?
- களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: பெப்ரவரி கடைசியும் மார்ச்சும். நவம்பர் முதல் ஜனவரி வரை நம் கிழக்குக் கரைப் பக்கம் வெள்ளம். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று: மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காய்ந்து சூடேறி இறங்கும். மேற்கே போகிறவருக்கு அது நேர் எதிர்க்காற்று. ஏப்ரலில் மலையில் பின்னேர இடிமழை.

புல்லுமலை, மகாஓயாப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நன்றாக விடிந்த பிறகே அந்தக் காட்டுப் பகுதிக்குள் போங்கள், பொழுதுபட முன் தாண்டிவிடுங்கள். வெயிலில் மணிக்கு ஒரு லீற்றர் வரை தண்ணீர் செல்லும். இடையிடையே ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனிப் பொதி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்). பிபிலையில் தங்கி மறுநாள் காலைக் குளிரில் ஏற்றத்தைத் தொடங்குங்கள். ஒரே நாளில் முடிக்க நினைப்பது வீம்பு.

கேள்வி: சுமை ஏற்றினால் பின் சில்லுக் கம்பி உடைகிறது.
- சம்மாந்துறை வாசகர்

பதில்: பெரும்பாலும் செயின் பக்கக் கம்பிதான் உடையும், அதில்தான் இழுவிசை அதிகம். கனமானவற்றை இரு பக்கப் பைகளில், அச்சுக்கு அருகே தாழ வையுங்கள். வழியில் உடைந்தால் உடைந்ததைப் பக்கத்துக் கம்பியில் சுற்றி, அதன் இருபுறமும் உள்ள மறுபக்கக் கம்பிகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். றிம் ஓரளவு நேராகும். மாற்றுக் கம்பி இரண்டு வைத்திருந்தாலும், பிறீவீல் கழற்றும் சாவி இல்லாமல் செயின் பக்கத்தில் அதைக் கோக்க முடியாது.