புலம்பெயர்ந்த குடும்பத்தில் பிறந்து, நீதிபதியாகி, மாநில ஆளுநராகவும் ஆனவர் யாராவது உண்டா?

உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநில ஆளுநராக இருந்த ராவுல் காஸ்ட்ரோ. கியூபாவின் கம்யூனிஸ்ட் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவின் தம்பி இல்லை, பெயர் மட்டும்தான் அதே. அந்தப் பெயரோடு பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் தேர்தலில் நின்று ஜெயித்திருக்கிறார். (அங்கே ஆளுநரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதிகாரத்தில் நம்மூர் முதல்வர் மாதிரி.)

1916-ல் மெக்சிகோவின் கனனேயா என்ற செம்புச் சுரங்க ஊரில் பிறந்தார். அப்பா சுரங்கத் தொழிலாளி, சங்கத் தலைவர், வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போனவர். குடும்பம் எல்லை தாண்டி அரிசோனாவில் குடியேறிய பிறகு, ராவுல் சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார். அம்மா வீடு வீடாகப் பிரசவம் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். ராவுல் பள்ளிக்கு மைல் கணக்கில் நடக்க வேண்டும். வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் பக்கத்திலேயே போகும், மெக்சிகப் பிள்ளைகளுக்கு நிற்காது.

அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிக் கிடைத்த உதவித்தொகையில் ஆசிரியர் கல்லூரியில் படித்தார். 1939-ல் பட்டம், அதே ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை. ஆனால் மெக்சிகரை வாத்தியாராக வைத்துக்கொள்ளப் பள்ளிகள் தயாராக இல்லை. சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், குத்துச்சண்டை போட்டும் வயலில் கூலி வேலை பார்த்தும் பிழைத்தார். பிறகு அரிசோனாவின் டூசான் நகரில் ஸ்பானிஷ் பாடம் நடத்திக்கொண்டே சட்டம் படித்து, 1949-ல் வக்கீலானார். 1959-ல் அந்த நகரம் இருக்கும் பீமா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிபதி.

அவரே சொன்ன ஒரு சம்பவம். நீதிபதியாக இருந்தபோது ஒருநாள் பழைய துணியோடு தன் பண்ணை வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். எல்லைக் காவல் படை வண்டி வந்து நிற்கிறது. "கார்டு இருக்கா? யாரிடம் வேலை பார்க்கிறாய்?" என்று, சட்டவிரோதமாக எல்லை தாண்டி வந்த கூலியாள் என்று நினைத்து விசாரணை. அவர் அங்கிருந்த பெயர்ப் பலகையைக் காட்டினார்: 'நீதிபதி காஸ்ட்ரோ'. இது முடிந்துபோன காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2012-ல், ஆளுநர், மூன்று நாடுகளுக்குத் தூதர் எல்லாம் ஆகி முடித்த 96 வயதுக் கிழவரை, மருத்துவப் பரிசோதனையால் உடம்பில் தங்கியிருந்த கதிர்வீச்சு கருவியில் காட்டியது என்று, அதே படை சோதனைச் சாவடியில் ஜூன் மாத வெயிலில் நிறுத்தி வைத்தது.

1970-ல் ஆளுநர் தேர்தலில் ஜாக் வில்லியம்ஸிடம் கொஞ்ச ஓட்டில் தோற்றார். 1974-ல் ரஸ் வில்லியம்ஸைக் கொஞ்ச ஓட்டில் ஜெயித்தார். அரிசோனாவின் முதல் மெக்சிக அமெரிக்க ஆளுநர். ஆனால் அவரது ஆட்சியைப் பற்றிப் பெரிதாகப் புகழ என்னிடம் ஒன்றும் இல்லை. தனக்குத் தேர்தல் நிதி தந்த ஒரு பணக்காரரை 1976-ல் குதிரைப் பந்தய ஆணையத்தில் நியமித்தார், சர்ச்சை வெடித்து அந்த ஆள் விலக வேண்டியதாயிற்று. 1977-ல் அதிபர் கார்ட்டர் அர்ஜென்டினா தூதர் பதவி தந்ததும், பதவிக்காலம் முடியும் முன்பே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அப்போது அங்கே நடந்தது ராணுவ ஆட்சி. அவ்வளவு பாடுபட்டுப் பிடித்த நாற்காலியை அதற்காகவா விட்டுக்கொடுத்தார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆற்றாமை.