சம்பந்தி வீட்டு வம்ச மரம்

கேள்வி: என் மகள் கார்டிஃபில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு வேல்ஸ்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். "எங்கள் குடும்பம் எட்னவெட் வஹன் என்ற 13ஆம் நூற்றாண்டு நிலக்கிழாரின் வழியில் வந்தது" என்று சொல்லி, சம்பந்தி ஒரு நீளமான பெயர்ப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். வரிக்கு வரி 'அப்', 'அப்' என்று வருகிறது. அது ஜாதிப் பட்டமா, குடும்பப் பெயரா? பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு வம்ச மரம் வரைந்து கொடுக்க ஆசை. எங்கே தொடங்குவது?
– வாசகி, குன்னூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. என் மகளும் கார்டிஃபில்தான் நர்ஸாக இருக்கிறாள். அவள் வீட்டில் ஆறு மாதம் தங்கியபோது இந்த 'அப்' என்னையும் பிடித்துக்கொண்டது. கோத்தகிரியில் 34 வருஷம் பத்திரம் எழுதியவனுக்கு, பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

'அப்' பட்டமும் இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. மகன் என்று அர்த்தம். வேல்ஸ் மொழியில் மகனுக்கு 'மாப்' என்று பெயர். அது தேய்ந்து 'அப்' ஆனது. மகள் என்றால் 'வெர்க்'. நாம் பத்திரத்தில் "இன்னார் பேரனும் இன்னார் குமாரருமான இன்னார்" என்று எழுதுவோமே, அதையே அவர்கள் தலைகீழாக எழுதினார்கள்: முதலில் ஆள், அப்புறம் அப்பா, அப்புறம் தாத்தா. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலை விரித்து எழுதினால் அதுதான் 'அப்'. அதனால் பட்டியலில் குடும்பப் பெயரைத் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு அது கிடையாது.

நிலையான குடும்பப் பெயர் வந்தது பிற்பாடு, ஆங்கிலேயச் சட்டமும் எழுத்தர்களும் வந்த பிறகு. 'அப் ஹவெல்' ஒட்டிக்கொண்டு பவெல் ஆனது. 'அப் ரீஸ்' ப்ரைஸ் ஆனது. 'அப் ஓவைன்' போவன், 'அப் ஹியூ' ப்யூ. வஹன் என்பதும் குடும்பப் பெயர் இல்லை. 'சின்னவர்' என்ற அடைமொழி, நம் சின்னசாமியில் வரும் சின்ன மாதிரி. அதுதான் பின்னால் 'வான்' என்ற குடும்பப் பெயராக மாறியது. சின்னவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். எனவே 'வான்' என்று பெயர் வைத்திருப்பவர் எல்லாம் எட்னவெட் வழி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, எட்னவெட் யார்? வடக்கு வேல்ஸின் க்வினெத் நாட்டை ஆண்ட பெரிய லிவெலினுக்கும், அவருக்குப்பின் அவர் மகனுக்கும் தலைமை நிர்வாகியாக இருந்தவர். 1246இல் இறந்தார். அவருடைய சேவைக்காக அவர் தாத்தா வழியில் வந்த அத்தனை பேருக்கும் ஒரு சலுகை கிடைத்தது: போர்க்காலத்தில் படைக்கு வந்தால் போதும், நிலத்துக்கு மற்ற வரியோ ஊழியமோ கிடையாது. நம் ஊர் இனாம் நிலம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலங்களை வைத்திருந்தவர்களை 14ஆம் நூற்றாண்டுக் கணக்குகள் 'விரியன் ஈடன்' என்று குறிக்கின்றன. எட்னவெட்டின் பேரர்கள் என்று பொருள். உங்களுக்குத் துருப்புச் சீட்டு இதுதான். பட்டியலில் 1300களில் வாழ்ந்தவராக வரும் ஆள் எந்த ஊரில் நிலம் வைத்திருந்தார் என்று சம்பந்தியிடம் கேளுங்கள். 1352இல் ஆங்கிள்சீ தீவையும் கார்னார்வன் பகுதியையும் கணக்கெடுத்த பதிவேடு 1838லேயே அச்சாகிவிட்டது. டென்பி பகுதிக்கு 1334இல் எடுத்த கணக்கும் அச்சில் உண்டு. ஊரையும் நிலத்தையும் பிடித்தால் ஆள் கிடைப்பார். பெயரை மட்டும் பிடித்தால் ஒரே பெயரில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள்.

நிலத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வேல்ஸ்காரர்கள் வம்சத்தை மனப்பாடமாக வைத்திருந்ததே நிலத்துக்காகத்தான். 950 வாக்கில் இறந்த ஹவெல் தா என்ற அரசரின் பெயரால் வழங்கும் சட்டத்தில், அப்பாவின் நிலம் எல்லா மகன்களுக்கும் பங்கு. மனைவிக்குப் பிறக்காத மகனையும் அப்பா ஏற்றுக்கொண்டால் அவனுக்கும் சம பங்கு. அண்ணன் தம்பிகள் செத்த பிறகு அவர்கள் பிள்ளைகள் ஒருமுறை மறுபங்கு கேட்கலாம். பேரப்பிள்ளைகள் இன்னொருமுறை கேட்கலாம். அதோடு முடிந்தது. பூட்டனார் யார் என்று சொல்லத் தெரியாதவனுக்குப் பங்கு போய்விடும். ஒரே மூதாதையின் நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'குவெலி', அதாவது படுக்கை. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் என்று நான் புரிந்துகொண்டேன். 1190களில் ஜெரால்ட் என்ற பாதிரியார், சாதாரணக் குடியானவர்கள்கூட ஆறேழு தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப் போன வீடுகளில் பாட்டிமார்கள் அப்படிச் சொல்லிக் கேட்டவன் நான். அதனால் அவர் எழுதியதை முழுசாக நம்புகிறேன்.

அடுத்தது, பட்டியலில் வழுக்கும் இடம். எட்னவெட்டின் வழியில் மிகவும் தெரிந்த கிளையை எழுதிப் பாருங்கள்: எட்னவெட், அவர் மகன் கொரோன்வி, அவர் மகன் டுடுர், அவர் மகன் கொரோன்வி, அவர் மகன் டுடுர், அவர் மகன் மரெடித், அவர் மகன் ஓவைன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறார்கள். நமக்கு இது புதிதா? பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. ஆனால் நகல் எடுக்கிறவர் கண் ஒரு வரி தாவினால் இரண்டு தலைமுறை காணாமல் போகும். ஒரு முறை நானே தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக எழுதிவிட்டேன். பிழைதிருத்தல் பத்திரம் போட்டு முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. அன்றிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் வருஷம் எழுதாமல் விடுவதில்லை. எட்னவெட் இறந்தது 1246, ஓவைன் இறந்தது 1461. இடையில் 215 வருஷம், ஆறு படி. படிக்குச் சுமார் 36 வருஷம். பொருந்துகிறது. உங்கள் பட்டியலில் படிக்கு 60 வருஷம் வந்தால் ஆள் விட்டுப்போயிருக்கிறது. 15 வந்தால் அண்ணன் தம்பியை அப்பா மகனாக்கியிருக்கிறார்கள்.

அந்த ஓவைனின் பேரன்தான் 1485இல் இங்கிலாந்துக்கு அரசனான ஏழாம் ஹென்றி. ட்யூடர் வம்சம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பெயர் ஓவைனின் தாத்தா டுடுரிடமிருந்து வந்தது. அப்பா பெயர் ஒட்டியிருந்தால் மெரெடித் வம்சம் என்று படித்திருப்போம்.

இப்போது எங்கே தொடங்குவது? பேத்தியிடமிருந்து. வில்லங்கம் பார்க்கும்போது இன்றைய பட்டாவிலிருந்துதானே பின்னால் போவோம்? வேல்ஸில் அரசுப் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் சர்ச் பதிவேடுகள். 1858க்கு முந்தைய உயில்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். உயில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். செத்தவர் தன் வாயால் பிள்ளைகளை வரிசைப்படுத்துகிறார். நடுவில் 1600களில் சற்றுத் திணறும், ஏனென்றால் சாதாரணக் குடும்பங்களில் 'அப்' முறை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி 1500க்கு வந்துவிட்டால் பீட்டர் பார்ட்ரம் கைகொடுப்பார். வானிலைத் துறையில் வேலை பார்த்த மனிதர். கி.பி. 300 முதல் 1400 வரையான வேல்ஸ் வம்சங்களை 1974இல் 8 தொகுதிகளாகவும், 1400 முதல் 1500 வரை உள்ளவற்றை 1983இல் 18 தொகுதிகளாகவும் கொண்டுவந்தார். அபெரிஸ்ட்வித் நூலகத்தில், கீழே கடல் தெரியும் அந்தக் குன்றின் மேல் உட்கார்ந்து, இதில் ஒரு தொகுதியை மடியில் வைத்துப் புரட்டினேன். ஒரு மனிதர் இவ்வளவு செய்ய முடியுமா என்று கண் கலங்கிவிட்டது.

எட்னவெட்டுக்கு மேலே போகும்போது கோட்டைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள். அவர் மார்ச்சித் என்ற குலமுதல்வரின் வழி என்பது பரம்பரைச் செய்தி. அரச வம்சப் பட்டியல்கள் சில இன்னும் மேலே ஏறி, கன்னி மரியாளின் உறவுக்காரி ஒருத்தியில் போய் முடிகின்றன. அது அவர்களின் பக்தி. பேத்திக்கு அதைக் கதையாகச் சொல்லுங்கள். மரத்தில் அழுத்தமான கோடு வேண்டாம்.

கேள்வி: அந்தப் பட்டியல்களில் பெண்கள் பெயரே இருக்காதா? பெண்ணுக்கு நிலத்தில் பங்கு உண்டா?
– வாசகி, ஊட்டி

பதில்: க்வினெத் சட்டத்தில் மகளுக்கு நிலம் இல்லை. 1284இல் முதலாம் எட்வர்ட் போட்ட ருத்லன் சட்டம்தான், மகன் இல்லாத இடத்தில் மகளுக்கு வழி விட்டது. அதே சட்டம் மனைவிக்குப் பிறக்காத மகன்களின் பங்கைப் பறித்தது. மகன்களுக்குள் பங்கு பிரிப்பதே 1536, 1543 சட்டங்களோடு போய், மூத்தவனுக்கே எல்லாம் என்றானது. நம் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு வந்தது 1989இல். அந்த வருஷம் நான் எழுதிய பாகப்பிரிவினைகளில் மகள்களின் கையெழுத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

ஆனால் பெயர் இருக்கும். 'வெர்க்' என்று வரும் ஒரு வரியையும் விடாதீர்கள். நான் மேலே சொன்ன இரண்டாவது டுடுரின் மனைவி மார்கெட் வெர்க் டோமோஸ். அவருடைய அக்காள் தங்கை உறவான எலென்தான் ஓவைன் க்ளிந்தூரின் தாய். க்ளிந்தூர் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்தபோது, 1401 புனித வெள்ளியன்று டுடுரின் மகன்கள் ரீஸும் க்விலிமும் ஏன் கான்வி கோட்டையைப் பிடித்துக் கொடுத்தார்கள்? அப்பா வரிசையை மட்டும் பார்த்தால் இந்த ரத்த உறவு தெரியாது. பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் அவர்கள்.

கேள்வி: எங்கள் ஹட்டியில் (படுகர் கிராமம்) கல்யாணமான அண்ணன்கள் தனி வீடு கட்டிக்கொண்டு போவார்கள், கடைசி மகன் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு பூர்வீக வீட்டில் இருப்பான். இது படுகர்களுக்கு மட்டுமே உள்ள வழக்கம் என்கிறான் என் நண்பன். சரியா?
– கல்லூரி மாணவர், கோத்தகிரி அருகே

பதில்: இல்லை தம்பி. ஹவெல் தா சட்டத்திலும் பூர்வீக வீடு கடைசி மகனுக்குத்தான், அதைச் சுற்றிய எட்டுத் துண்டு நிலத்தோடு. அப்புறம் மீதி நிலத்தைக் கடைசி மகனே பங்கு பிரிப்பான். மூத்தவன் முதலில் தேர்ந்தெடுப்பான், அடுத்தவன் அடுத்து. பிரித்தவனுக்குக் கடைசியில் மிஞ்சியது என்பதால் கோணலாகப் பிரிக்க மாட்டான். வீட்டோடு இன்னும் மூன்று பொருள்கள் அவனுக்கே சேரும், அப்பா நினைத்தாலும் வேறு மகனுக்குக் கொடுக்க முடியாது: பெரிய சமையல் கொப்பரை, விறகு வெட்டும் கோடரி, ஏரில் மண்ணைக் கீறும் கத்தி. உங்கள் வீட்டில் கடைசி மகனுக்கு என்று தனியாக விடும் பொருள் ஏதாவது உண்டா? பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்.