கும்பகோணத்தில் காப்பி விளைவதில்லை

வணக்கம். காப்பித்தூள் விற்பவரிடமே இதைக் கேட்பது சரியா என்று தெரியவில்லை. வியாபாரத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எழுபதுகளில் பள்ளி விடுமுறைக்கு மாயவரம் போவோம். கடைவீதியில் கொட்டை வறுக்கும் வாசனை இரண்டு தெரு தள்ளியே வந்துவிடும். அப்பாயி கடைக்காரரிடம் அளவு சொல்லி, கண்ணெதிரே அரைத்து வாங்குவார். அந்தக் காப்பி இன்னும் நாக்கில் நிற்கிறது. சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வீட்டில் மட்டும் வரமாட்டேன் என்கிறது. தேக்காவில் வாங்கிய ‘கும்பகோணம் டிகிரி’, தங்கை ஊரிலிருந்து கொண்டுவந்த ‘கூர்க்’, ‘ஏற்காடு’ எல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஒரு நாள் டிகாக்ஷன் ஐந்தே நிமிடத்தில் கழுநீர் போல இறங்குகிறது. இன்னொரு நாள், அதே தூள்தான், ராத்திரி ஊற்றிய தண்ணீர் காலையிலும் மேலேயே நிற்கிறது. அவசரத்துக்குப் பக்கத்து ஈரச்சந்தையில் விற்கும் கோப்பித் தூளை ஃபில்டரில் போட்டேன். அதைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது.

எந்த ஊர்க் கொட்டை வாங்கினால் அந்த ருசி வரும்? பீபெரிதான் உசத்தி என்கிறார்களே, உண்மையா?

கே., ஈசூன்

*

அன்புள்ள கே. அவர்களுக்கு,

கும்பகோணத்தில் காப்பி விளைவதில்லை. மாயவரத்திலும் இல்லை. அது நெல் விளைகிற சமவெளி. காப்பியில் அரபிகா, ரோபஸ்டா என்று முக்கியமாக இரண்டு இனங்கள். அரபிகா செடி நன்றாக வர ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரமும் மரநிழலும் வேண்டும். உங்கள் கையில் இருந்த மூன்று பைகளில் கூர்க், ஏற்காடு இரண்டும் செடி நின்ற இடத்தின் பெயர்கள். கும்பகோணம் குடித்த இடத்தின் பெயர். ‘எந்த ஊர்க் கொட்டை’ என்ற கேள்வி அதனால்தான் உங்களைச் சுற்றலில் விடுகிறது.

அப்பாயி குடித்த காப்பி எந்த மலையில் விளைந்தது என்று அந்தக் கடைக்காரருக்கே பெரும்பாலும் தெரிந்திருக்காது. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டத்தின்கீழ், தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வாரியம் எல்லாருடைய கொட்டையையும் தரவாரியாக ஒன்று சேர்த்து ஏலம் விடும். குடகுக் (கூர்க்) கொட்டையும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் கொட்டையும் ஒரே தரமென்றால் ஒரே குவியல்தான். தொண்ணூறுகளில் இந்தப் பிடி படிப்படியாகத் தளர்ந்து, 1996இல்தான் எல்லாத் தோட்டக்காரர்களும் முழு விளைச்சலையும் தாங்களே விற்கும் நிலை வந்தது. தோட்டத்தின் பெயரும் மலையின் பெயரும் அச்சிட்ட பைகள் அதற்குப் பிறகுதான் பெருகின. கூர்க் அரபிகா, வயநாடு ரோபஸ்டா, சிக்மகளூர் அரபிகா, பாபாபுடன்கிரி அரபிகா, அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகா ஆகிய ஐந்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். எழுபதுகளின் நாக்குக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது தரம்: “பிளான்டேஷன் ஏ இவ்வளவு, பீபெரி இவ்வளவு, சிக்கரி இவ்வளவு.” அப்பாயி சொன்ன அளவு அநேகமாக இந்த மூன்றின் கணக்காகத்தான் இருந்திருக்கும்.

இந்தச் சொற்களை ஒருமுறை பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. பழத்தோலை உரித்து, மேலிருக்கும் கொழகொழப்பை நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகாவுக்கு இந்திய வியாபாரத்தில் ‘பிளான்டேஷன்’ என்று பெயர். பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து உடைத்தால் ‘செர்ரி’. ரோபஸ்டாவைக் கழுவிப் பதப்படுத்தினால் ‘ரோபஸ்டா பார்ச்மென்ட்’. ஏஏ, ஏ, பி, சி என்பவை முதன்மையாகச் சல்லடை அளவுகள்: ஏ என்றால் பெரும்பகுதி கொட்டை 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்க வேண்டும். அளவு பெரிதென்றால் ருசி பெரிது என்று கணக்கில்லை. ஒரே அளவாக இருப்பதால் ஒரே சீராக வறுபடும், அதுதான் லாபம்.

பீபெரியும் தனி ரகமில்லை. ஒரு பழத்தில் தட்டையாக இரண்டு விதைகள் இருப்பது வழக்கம். சில பழங்களில் ஒரு விதை வளராமல் போக, மற்றது இடம் முழுவதையும் பிடித்துக்கொண்டு உருண்டையாகிறது. எல்லாத் தோட்டத்திலும் எல்லா ரகத்திலும் சிறு பங்கு இப்படி வரும். பொறுக்கித் தனியாக விற்கிறார்கள். உருண்டை என்பதால் வறுக்கும் உருளையில் நன்றாகப் புரளும். அதற்கு மேல் அதில் மந்திரம் ஏதுமில்லை. நல்ல பிளான்டேஷன் ஏ-க்கும் அதே தோட்டத்துப் பீபெரிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாலும் சிக்கரியும் சேர்ந்த பிறகு கண்டுபிடிப்பது கடினம். கூடுதல் வெள்ளி கொடுத்து வாங்க வேண்டியதில்லை. (பீபெரி நானும் விற்கிறேன். வியாபாரத்தை ஒதுக்கச் சொன்னவர் நீங்கள்தான்.)

தஞ்சை வட்டார நாக்குக்கு நெருக்கமாக வரும் கலவை, அரைக் கிலோவுக்கு: பிளான்டேஷன் ஏ 300 கிராம், ரோபஸ்டா பார்ச்மென்ட் 100, சிக்கரி 100. வாசனை அரபிகாவிலிருந்து, கனம் ரோபஸ்டாவிலிருந்து, கறுப்பும் பிசுபிசுப்பும் சிக்கரியிலிருந்து. கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்ஷன் என்று ஊரில் சொல்வார்களே, சிக்கரி இல்லாமல் அது வராது. ஆனால் அளவு 30 விழுக்காட்டைத் தாண்டினால் காப்பி பின்வாங்கி, கருகிய வெல்லம் போன்ற இனிப்பும் கசப்பும் முன்னுக்கு வரும். இந்தியச் சட்டம் காப்பி-சிக்கரிக் கலவையில் 49 விழுக்காடு வரை சிக்கரியை அனுமதிக்கிறது. பையில் பெரிய எழுத்து ‘டிகிரி’ என்று சொல்லும். விழுக்காடு அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடுத்து தேதி. ‘டிகிரி’ என்ற சொல்லே பால்மானியில் பாலின் கனத்தை அளந்ததிலிருந்து வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு. அது சரியென்றால் அந்தப் பெயர் பாலுக்கு உரியது. தூளின் மேல் அதற்கு என்ன வேலை?

மாயவரத்துக் கடை உண்மையில் கொடுத்தது இரண்டு நாளுக்குள் வறுத்த கொட்டையும் கண்ணெதிரே நடந்த அரவையும். மலையின் பெயரை விட இதற்குத்தான் ருசியில் பங்கு அதிகம். அரைத்த தூளின் வாசனை முதல் வாரத்திலேயே பெருமளவு போய்விடும். கடலோ வானோ தாண்டி, கிடங்கில் கிடந்து, தேக்கா அலமாரியில் நின்று, பிறகு உங்கள் சமையலறையில் ஒரு மாதம் திறந்து மூடப்படுகிற தூளிடம் அதை எதிர்பார்க்க முடியாது. தூள் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கரண்டித் தூளில் கொஞ்சம் வெந்நீர் விடுங்கள். உப்பிக் குமிழி விட்டால் புதியது. ஈர மண் போலச் சும்மா கிடந்தால் பழையது.

இங்கே இன்னொரு தொல்லை ஈரப்பதம். சிக்கரி காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக் கல்லாக இறுகும் பொருள். சிக்கரி கலந்த தூளைத் திறந்த டப்பாவில் வைத்தால் நம் ஊர்க் காற்றில் சில நாட்களிலேயே கட்டி தட்டும், கட்டி தட்டிய தூளில் தண்ணீர் சீராக இறங்காது. அதனால் கொட்டையாக வாங்குங்கள், சிக்கரியைத் தனியாக வாங்குங்கள், அரைத்த பிறகு கலந்துகொள்ளுங்கள். கொட்டையை 100 கிராம் பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் வைக்கலாம். ஒன்றை வெளியே எடுத்தால் அறை வெப்பநிலைக்கு வரும் வரை பிரிக்கக் கூடாது. குளிர்ந்த கொட்டையின் மேல் நீர் படியும். எடுத்ததைத் திரும்ப வைக்கவும் கூடாது. ஃபிரிட்ஜ் கதவில் திறந்த தூள் டப்பா வைப்பது எல்லா வழிகளிலும் மோசமானது: ஈரமும் ஏறும், நேற்றைய மீன் குழம்பும் ஏறும்.

அரவை, எஸ்பிரெசோவுக்குச் சற்று மேலே, மொக்கா பாத்திரத்துக்குச் சற்றுக் கீழே. விரலில் தேய்த்தால் மாவாக ஒட்டாமல் மெல்லிய நறநறப்பு தெரிய வேண்டும். கை அரைப்பான் போதும். மிக்சிதான் இருக்கிறதென்றால் ஒரு தடவைக்கு 30 கிராம், மூன்று மூன்று வினாடியாக விட்டுவிட்டு. தொடர்ந்து ஓடவிட்டால் சூடேறி, பாதி மாவும் பாதி நொய்யுமாக நிற்கும். மசாலா அரைக்கும் இயந்திரத்தில் கொடுத்து அரைக்க வேண்டாம். மிளகாய் வாசனை காப்பியை விடாது.

இனி உங்கள் ஃபில்டர். இரண்டு டம்ளர் காப்பிக்கு 20 கிராம் தூள், குவியலாக மூன்று மேசைக்கரண்டி. மேல் பாத்திரத்தில் போட்டு, பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டிச் சமப்படுத்தி, காம்புள்ள துளைத்தட்டை வைத்து லேசாக அழுத்துங்கள். 130 மில்லி தண்ணீர், கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆனது. முதலில் 30 மில்லி அளவு சுற்றிலும் விட்டு, தூள் நனைந்து உப்ப அரை நிமிடம் கொடுங்கள். பிறகு மீதி. தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், கீழே 90 மில்லி கிடைக்கும். 15 முதல் 25 நிமிடம் ஆக வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் இறங்கினால் அரவை பெரிது, அல்லது தட்டு சாய்ந்து ஒரு பக்கமாகத் தண்ணீர் வழி கண்டுவிட்டது. இறங்காமல் நின்றால் பலரும் தூளைத் திட்டுவார்கள். அரவை மாவாக இருந்தாலும், தட்டைப் பலமாக அழுத்தினாலும் நிற்கும், உண்மைதான். ஆனால் அதே தூள் ஒரு நாள் ஓடி ஒரு நாள் நிற்கிறது என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் காற்றின் மேல். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தின் வாயில் இறுகப் பொருந்தி, இடையில் ஈரமும் இருந்தால், கீழே அடைபட்ட காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது போகாமல் டிகாக்ஷன் இறங்காது. மேல் பாத்திரத்தை ஒரு கணம் தூக்கி, சற்றே தளர்வாக வையுங்கள். சொட்டத் தொடங்கினால் குற்றவாளி அகப்பட்டான். தொடங்காவிட்டால் துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால், வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டு அரை மணி ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அதன் பிறகு எந்த அரவையும் சரிப்படாது.

ராத்திரியே போட்டு வைப்பதை விட்டுவிடலாம். நம் அறை வெப்பத்தில் எட்டு மணி நேரம் கிடந்த டிகாக்ஷனில் புளிப்புத் தட்டும். முன்கூட்டியே வேண்டுமென்றால் இறங்கியதும் மூடிய புட்டியில் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். சூடாக்க அடுப்பில் ஏற்றாமல், டம்ளரோடு வெந்நீரில் நிறுத்துங்கள்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகும் குறை தெரிந்தால் அது பால். ஊரில் எருமைப்பால் காப்பி என்றால் கொழுப்பு 6 விழுக்காட்டுக்குக் குறையாது. இங்கே கிடைக்கும் முழுக்கொழுப்புப் பசும்பாலில் மூன்றரைக்குச் சற்று முன்பின். அலமாரியில் நிற்கும் நீண்டநாள் பால் வேண்டாம், அதிலுள்ள வெந்த வாசனை டிகாக்ஷனை மீறி வரும். குளிர்பெட்டியில் இருக்கும் பாலை 250 மில்லி எடுத்து, மிதமான தீயில் கிளறிக்கொண்டே 200 மில்லிக்குச் சுண்டவிடுங்கள். கொழுப்பு நாலரையை நெருங்கும். ஒரு டம்ளருக்கு 45 மில்லி டிகாக்ஷன், 100 மில்லி பால். பாலை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம்.

மலைப்பெயரையும் நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. வெறும் டிகாக்ஷனாகவோ குறைந்த பாலோடோ குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியும். தமிழ்நாட்டில் சேர்வராயன், பழனி மலையின் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, வால்பாறை எல்லாம் பெரும்பாலும் அரபிகா. அங்கே பறிப்புக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் மோதிக்கொள்ளும். மழை நீடித்த ஆண்டில் காயவைப்பது கெட்டு, கொட்டையில் பூசணவாடை ஏறலாம். போன வருடம் நன்றாக இருந்த ஏற்காடு இந்த வருடம் மந்தமாக இருந்தால் விற்றவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இன்னொரு விஷயம்: கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய எஸ். 795 என்ற இந்திய ரகம் இந்தோனேசியாவில் ‘ஜெம்பர்’ என்ற பெயரில் விளைகிறது. இங்குள்ள கடைகளில் அது கண்ணில் பட்டால், சொந்தம்தானே என்று நம்பி ஃபில்டருக்கு வாங்கிவிடாதீர்கள். அங்கே பல இடங்களில் கொட்டையை ஈரமாக இருக்கும்போதே மேலோட்டை நீக்கிக் காயவைக்கிறார்கள். அதில் வரும் மண் வாசனை நம் பாலோடு ஒத்துப்போவதில்லை.

கோப்பித் தூளைக் கொட்டிவிட்டீர்களா? அது ஃபில்டருக்கானதே அல்ல. பெரும்பாலும் ரோபஸ்டா, சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது, கொட்டையின் மேல் கருகிய சர்க்கரை பூச்சாக நிற்கும். துணிப்பைக்கென்று பெரிய பெரிய துணுக்காக அரைத்திருப்பார்கள். ஃபில்டரில் தண்ணீர் அதன் வழியே ஓடிவிடும், கசப்பு மட்டும் தங்கும். மிச்சம் இருந்தால் தேக்காவில் ஒரு துணிப்பை வாங்கி, 20 கிராமுக்கு 250 மில்லி நன்றாகக் கொதிக்கும் தண்ணீர் விட்டு, நான்கைந்து நிமிடம் ஊறவிட்டு, பையை இரண்டு முறை தூக்கி இறக்கி, அடியில் கட்டிப்பால் (கண்டென்ஸ்டு மில்க்) விட்ட கோப்பையில் ஊற்றுங்கள். துணிப்பையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், வெந்நீர் போதும்.